பதினோரு இடத்திலும் ஆடியவர்

ஆல்ரவுண்டரை அளக்க கிரிக்கெட் ரசிகர்கள் கையில் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. மட்டை பிடித்ததில் வந்த சராசரியிலிருந்து பந்து வீசியதில் வந்த சராசரியைக் கழிக்க வேண்டும். எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு பெரிய ஆட்டக்காரர். கார்ஃபீல்ட் சோபர்ஸுக்கு 57.78, 34.03, இருபதுக்கு மேல் மிஞ்சும். இம்ரான் கானுக்கு 37.69, 22.81, பதினைந்துக்குச் சற்றுக் குறைவு. கபில்தேவ் 31.05, 29.64, ஒன்றரை மிஞ்சி எப்படியோ கரையேறிவிடுகிறார். வினூ மன்கட்டின் எண்கள் 31.47, 32.32. மிச்சம் ஏதுமில்லை, கடன்தான் நிற்கிறது.

44 டெஸ்ட், 2109 ரன், 162 விக்கெட், ஐந்து சதம். இன்றைய கண்ணுக்கு இது ஒரு நல்ல ஆட்டக்காரரின் வரவுசெலவு, அவ்வளவுதான். எல்லாக் காலத்துக்குமான அணியைத் தேர்ந்தெடுத்து வாரப்பத்திரிகைகள் விளையாடும்போது மன்கட்டை ஏழாவது இடத்துக்கு யோசித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பலமான அணியில் ஆல்ரவுண்டர் ஒரு வசதி. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் அவர்தான் மொத்தக் கூலியாள். முன்னவரை அளக்கும் படியால் பின்னவரை அளந்தால் வருகிற எண் அணியைப் பற்றிப் பேசுமே தவிர ஆளைப் பற்றிப் பேசாது.

முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட் 1917 ஏப்ரல் 12 அன்று ஜாம்நகரில் பிறந்தார். அப்போது அது நவாநகர் சமஸ்தானம், ரஞ்சித்சிங்ஜியின் ஊர். ரஞ்சியும் அவர் சகோதரர் மகன் துலீப்பும் இங்கிலாந்து அணிக்கே ஆடியவர்கள், அரண்மனைக்காரர்கள். மன்கட் அரண்மனைக்காரர் அல்ல, ஆட்டத்தை நம்பிப் பிழைத்தவர். சஸெக்ஸ் கவுண்டியிலிருந்து வந்திருந்த பெர்ட் வென்ஸ்லி என்ற ஆங்கிலேயர் அங்கே பயிற்சியாளராக இருந்தார். பையனின் பந்துவீச்சைப் பார்த்து, மரபான இடதுகைச் சுழலிலேயே நில் என்று நிறுத்தியவர் அவர்தான். 1936-37இல் நவாநகர் ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அணித் தலைவரும் இதே வென்ஸ்லிதான். ரஞ்சியின் பெயரால் அமைந்த கோப்பையை ரஞ்சியின் ஊர் வென்றபோது அதைத் தலைமை தாங்கி நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரர் என்பதை இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அடுத்த பருவத்தில் டென்னிசன் பிரபு ஓர் ஆங்கில அணியைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தார். அந்த அதிகாரபூர்வமற்ற டெஸ்ட் தொடரில் இந்திய அணியின் மட்டைச் சராசரியிலும் பந்துவீச்சுச் சராசரியிலும் முதலிடம் மன்கட்டுக்கு. வயது இருபது. அடுத்து டெஸ்ட்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். போர் வந்தது. அவருடைய முதல் டெஸ்ட் 1946 ஜூனில் லார்ட்ஸில் நடந்தது. அப்போது வயது 29. ஒரு சுழற்பந்து வீச்சாளர் தொழில் கற்றுத் தேறும் வருடங்கள் எல்லாம் டெஸ்ட் கணக்கில் ஏறாமலே போய்விட்டன. 1946 பயணத்தில் அவர் 1120 ரன்னும் 129 விக்கெட்டும் எடுத்தார். இங்கிலாந்துப் பயணம் ஒன்றில் ஆயிரம் ரன், நூறு விக்கெட் என்ற இரட்டையை எட்டிய இந்தியர் அவர் ஒருவரே. இனி அந்தச் சாதனையை யாரும் தொடப்போவதில்லை. அத்தனை ஆட்டங்கள் கொண்ட பயணமே இப்போது கிடையாது.

அந்தக் காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரருக்கு நிலையான ஊரும் இல்லை. நவாநகர், மகாராஷ்டிரம், குஜராத், வங்காளம், பம்பாய், ராஜஸ்தான் என்று ரஞ்சிக் கோப்பையில் அவர் மாறிய அணிகளின் பட்டியலைப் பார்த்தால் ரயில்வே கால அட்டவணை போல இருக்கும். கூப்பிட்டவரிடம் போனார்.

இனி மதராஸ். 1952 பிப்ரவரி, சேப்பாக்கம், இங்கிலாந்துடன் ஐந்தாவது டெஸ்ட். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது வருடம் ஆகியிருந்தது. இது 25ஆவது ஆட்டம். வெற்றி ஒன்றுகூட இல்லை. ஆட்டம் தொடங்கிய பிப்ரவரி 6ஆம் தேதியே ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்து மறுநாள் ஓய்வு நாளானது. இங்கிலாந்துத் தலைவர் நைஜல் ஹோவர்டுக்கு உடம்பு சரியில்லை. டொனால்ட் கார் தலைமை ஏற்றார். ஹட்டன், காம்ப்டன், பெட்சர், எவன்ஸ் ஆகியோர் அந்தப் பயணத்துக்கே வரவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். வந்திருந்தது முழுப் பலமுள்ள அணி அல்ல.

முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 266. மன்கட் 55 ரன் கொடுத்து 8 விக்கெட். அந்த ஸ்கோர் அட்டையில் கண்ணை நிறுத்த வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. எட்டில் நான்கு பேர் விக்கெட் கீப்பர் புரோபிர் சென்னால் ஸ்டம்ப் செய்யப்பட்டவர்கள். இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் ஒருவர்.

ஒருவர் ஸ்டம்ப் ஆவது என்றால் என்ன? பந்து இங்கே விழும் என்று ஆட்டக்காரர் நம்பி முன்னேறுகிறார். பந்து அவர் நினைத்த இடத்துக்கு அரை அடி முன்னாலேயே இறங்கி, அவர் மட்டையைக் கடந்து போகிறது. கோட்டுக்குத் திரும்புவதற்குள் குச்சிகள் கலைந்துவிடுகின்றன. தரை திருப்பித் தந்ததால் கிடைக்கும் விக்கெட்டுகள் பெரும்பாலும் ஸ்லிப்பிலோ ஷார்ட் லெக்கிலோ பிடிபடும் கேட்ச்சுகள். ஸ்டம்பிங் காற்றில் எடுக்கப்படும் விக்கெட். ஒரே ஆட்டத்தில் ஒரே வீச்சாளர், ஒரே கீப்பர், ஐந்து ஸ்டம்பிங் என்றால் எதிரணி ஆட்டக்காரர்களின் கண்ணையே அந்த மனிதர் தன் வசம் வைத்திருந்தார் என்று அர்த்தம். ஆடுகளம் உதவியதா என்று கேட்பவர்களுக்கு இதே போதும். அதே ஆடுகளத்தில் பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. இந்தியா ஒன்பது விக்கெட்டுக்கு 457. இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட் நான்கு, குலாம் அகமது நான்கு. இன்னிங்ஸாலும் எட்டு ரன்னாலும் இந்தியா வென்றது. அந்த அணியில் சி.டி. கோபிநாத் என்ற நம்மூர்க்காரரும் இருந்தார். விஜய் ஹசாரே தலைவர். தொடர் முழுதும் சேர்த்து மன்கட்டுக்கு 34 விக்கெட்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த வாழ்க்கையின் மையமாகத் தோன்றுகிறது.

அதே வருடக் கோடையில் இந்தியா இங்கிலாந்துக்குப் போக வேண்டும். லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப் மன்கட்டை ஒப்பந்தத்துக்கு அழைத்திருந்தது. பஞ்சாலை ஊர்களின் லீக் அது. வாரக் கடைசியில் ஆட்டம். ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு தொழில்முறை வீரர். மற்றவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். காசு கொடுத்து எடுத்த அந்த ஒருவர் மட்டையும் பிடிக்க வேண்டும், பந்தும் நாளெல்லாம் வீச வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் நெல்சன் ஊருக்கு ஆடியது இந்த லீக்கில்தான். மன்கட் இந்திய வாரியத்திடம் ஒன்றே ஒன்று கேட்டார்: இந்தப் பயணத்துக்கு என்னைத் தேர்ந்தெடுப்பீர்களா, உறுதி சொல்லுங்கள், சொன்னால் ஹாஸ்லிங்டனை வேண்டாம் என்றுவிடுகிறேன். ஒரே தொடரில் 34 விக்கெட் எடுத்து நாட்டுக்கு முதல் வெற்றியைத் தந்த ஆள் கேட்ட உறுதி அது. வாரியம் தரவில்லை. அவர் ஹாஸ்லிங்டனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

லீட்ஸில் முதல் டெஸ்ட். ஃபிரெட் ட்ரூமன் என்ற புது வேகப்பந்து வீச்சாளர் இறங்கியிருந்தார். இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் பலகை காட்டியது: ரன் ஏதுமில்லை, நான்கு விக்கெட். தேர்வாளர்களின் மானம் அதோடு இறங்கிவிட்டது. ஹாஸ்லிங்டனிடம் கேட்டு, மிச்ச டெஸ்டுகளுக்கு மன்கட்டை இரவல் வாங்கினார்கள். தன் நாட்டுக்கு ஆட ஒருவரை அந்நிய ஊர் கிளப்பிடமிருந்து இரவல் வாங்கிய நாடு நம்முடையது.

லார்ட்ஸ், 1952 ஜூன் 19. மன்கட் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 72 ரன், இந்தியாவின் 235இல் அதுவே அதிகம். பிறகு பந்து வீசினார். ஹட்டன் 150, எவன்ஸ் 104, இங்கிலாந்து 537. மன்கட் வீசியது 73 ஓவர், 196 ரன், 5 விக்கெட். 73 ஓவர் என்பதை இப்போதைய கணக்கில் நினைத்துப் பார்க்கலாம்: ஒரு நாள் முழுக்க ஓர் அணி வீசுவதே 90. வீசி முடித்தவர் ஓய்வறையில் படுக்கவில்லை. கால்காப்பைக் கட்டிக்கொண்டு மறுபடியும் தொடக்க ஆட்டக்காரராக வெளியே வந்தார். ட்ரூமன், பெட்சர், லேக்கர், ஜென்கின்ஸ். மூன்றாவது விக்கெட்டுக்கு ஹசாரேயுடன் 211. லேக்கர் அவரைப் போல்டாக்கியபோது அவர் எண்ணிக்கை 184. லார்ட்ஸில் ஓர் இந்தியர் டெஸ்டில் எடுத்த அதிகபட்சம் இன்றும் அதுதான். இந்தியா 378. இங்கிலாந்துக்கு வெல்ல வேண்டியிருந்தது 77. அப்போதும் 24 ஓவர் அவர் வீசினார். எட்டு விக்கெட்டில் இந்தியா தோற்றது.

256 ரன், 97 ஓவர், ஐந்து விக்கெட், தோல்வி. தோற்ற ஆட்டம் ஒன்றை அவர் பெயரால் 'மன்கட்டின் டெஸ்ட்' என்று இங்கிலாந்துக்காரர்களே சொல்லி வந்தார்கள். ஹாஸ்லிங்டன் கிளப் தன் ஒற்றைத் தொழில்முறை வீரரிடம் எதிர்பார்த்த அதே வேலையைத்தான் இந்திய அணியும் அவரிடம் வாங்கியது என்று எனக்குப் படுகிறது. கிளப் முன்கூட்டி ஒப்பந்தம் போட்டது, வாரியம் போடவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

2025 ஜூலையில் ரவீந்திர ஜடேஜா லார்ட்ஸில் 72, ஆட்டமிழக்காமல் 61 என்று எடுத்தபோது மன்கட்டின் பெயர் திரும்பவும் அடிபட்டது. லார்ட்ஸ் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் ஐம்பதைக் கடந்த இந்தியர் மன்கட்டுக்குப் பிறகு அவர்தான். அவரும் ஜாம்நகர், அவரும் இடதுகைச் சுழல், முதல் இன்னிங்ஸ் எண்ணிக்கையும் அதே 72. அந்த ஆட்டத்திலும் இந்தியா தோற்றது, 22 ரன்னில். ஒரு வேறுபாடு உண்டு. ஜடேஜா ஆடிய அணியில் அவர் செய்யாவிட்டால் செய்ய இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.

மன்கட் டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எல்லா இடத்திலும் மட்டை பிடித்திருக்கிறார். உலகத்திலேயே மிகச் சிலருக்குத்தான் இந்த அனுபவம் வாய்த்திருக்கிறது. வினாடி வினாக்களில் இதை ஒரு பெருமையாகக் கேட்பார்கள். எனக்கு இது தேர்வாளர்களைப் பற்றிய குற்றப்பத்திரிகையாகத்தான் தெரிகிறது. தொடக்கத்துக்கு ஆள் இல்லையா, மன்கட். நடுவில் ஓட்டையா, மன்கட். நாளெல்லாம் வீசிக் களைத்துவிட்டாரா, கடைசியில் போடு. கல்யாண வீட்டில் பந்தல்காரனிடம் பேரம் பேசுவது முதல் பந்தியில் சாம்பார் தீர்ந்ததைக் கவனிப்பது வரை எல்லாவற்றுக்கும் கூப்பிடப்படும் சித்தப்பாவுக்கு மணமேடைப் படத்தில் இடம் இருக்காது. மெல்போர்னில் 1948இல் லிண்ட்வாலும் மில்லரும் இருந்த ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 116, 111 என்று இரண்டு சதம் அடித்த தொடக்க ஆட்டக்காரர் அவர். அந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்து, பந்துவீச்சில் பாதியைக் குறைத்திருந்தால் மட்டைச் சராசரி நாற்பதைத் தொட்டிருக்கும் என்று வாதாடலாம். பந்துவீச்சை மட்டும் கொடுத்து, வந்த கேட்ச்சுகளை நழுவவிடாத கைகளையும் கொடுத்திருந்தால் 32 என்ற எண் இறங்கியிருக்கும் என்றும் வாதாடலாம். இரண்டும் ஊகம். ஒன்று மட்டும் ஊகம் அல்ல: ஆயிரம் ரன், நூறு விக்கெட் என்ற இரட்டையை அவர் 23 டெஸ்டில் எட்டினார். 1979இல் இயான் போத்தம் 21 டெஸ்டில் எட்டும் வரை அதைவிட வேகமாக யாரும் எட்டவில்லை.

ஆஸ்திரேலியாவின் பில் பிரவுன் விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். 1947 டிசம்பர், சிட்னி. பந்து வீசும் முன்பே கோட்டைவிட்டு நகர்ந்த பிரவுனை, நான்-ஸ்ட்ரைக்கர் முனையில் மன்கட் ரன் அவுட் செய்தார். அதே பயணத்தில் முன்னதாக வேறொரு ஆட்டத்தில் எச்சரித்துவிட்டு, பிறகும் கேட்காததால் அவுட்டாக்கியிருந்தார். டான் பிராட்மன் தன் நூலில் மன்கட் பக்கமே பேசினார். இருந்தும் எழுபது வருடத்துக்கு மேல் அந்த வகை ரன் அவுட்டுக்கு உலகம் முழுக்க அவர் பெயர்தான். 2019இல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின் ஜாஸ் பட்லரை அப்படி வெளியேற்றியபோதும் திட்டு வாங்கியவர்களில் முதல் ஆள் எப்போதோ இறந்துபோன மன்கட். அவர் பெயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்று சுனில் கவாஸ்கர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தில் அது நேர்மையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து நீக்கப்பட்டு, ரன் அவுட் பிரிவில் சேர்க்கப்பட்டது. விதி அவர் பக்கம் வர 75 வருடம் ஆகியிருக்கிறது. இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. அவர் வீசிய பந்துகளைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூட எழுதப்படவில்லை.

தலைமைப் பொறுப்பில் அவர் சோபிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1954-55 பாகிஸ்தான் பயணத்தில் ஐந்து டெஸ்ட்டும் டிரா. இரு பக்கமும் தோற்றுவிடக் கூடாது என்ற ஒரே பயத்தில் ஆடிய தொடர் அது. பார்த்தவர்கள் பாவம். 1959 ஜனவரியில் மதராஸில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் மறுபடியும் தலைவரானார். தேர்வில் தலையீடு பிடிக்காமல் உம்ரிகர் ஆட்டத்துக்கு முந்தின நாள் பதவியை உதறியிருந்ததால் வந்த பொறுப்பு. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு நான்கு தலைவர்கள். கலகம் நடந்த வீட்டிலும் கடைசியில் கூப்பிட்டது அவரைத்தான். அடுத்த டில்லி டெஸ்டோடு அவர் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது, வயது 41.

ஆனால் மதராஸில் அதற்கு மூன்று வருடம் முன்பு ஓர் ஆட்டம் நடந்தது. 1956 ஜனவரி, கார்ப்பரேஷன் ஸ்டேடியம். இன்று கால்பந்தும் தடகளமும் நடக்கும் நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம். நியூஸிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். ராய் 173, மன்கட் 231. நியூஸிலாந்து அதுவரை ஒரு டெஸ்டும் வென்றிராத அணி என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: 38 வயதில் ஆயிரக்கணக்கில் பந்து வீசிய தோளோடு ஒரே தொடரில் 223, 231 என்று இரண்டு இரட்டைச் சதம் அடிப்பதற்கு எதிரணியின் பலவீனம் மட்டும் போதாது. அந்த 413 உலகச் சாதனையாக 2008 வரை நின்றது. தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கன்ஸியும் சிட்டகாங்கில் 415 எடுத்து அதைத் தாண்டினார்கள். 231 என்பது இந்தியர் ஒருவரின் அதிகபட்சமாக 1983 டிசம்பர் வரை இருந்தது. அதை 236 எடுத்து மீறிய கவாஸ்கரும் மதராஸில்தான், சேப்பாக்கத்தில், அதைச் செய்தார்.

அரசு 1973இல் பத்மபூஷண் கொடுத்தது. 1978 ஆகஸ்ட் 21 அன்று பம்பாயில் இறந்தார். ஐசிசி தன் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்க்க 2021 ஆயிற்று. பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்கள் ஆடும் உள்நாட்டுக் கோப்பை ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. மகன் அசோக் மன்கட் 22 டெஸ்ட் ஆடினார்.

முதலில் சொன்ன கழித்தல் கணக்குக்குப் பதிலாக நான் ஒரு கூட்டல் கணக்கு வைக்கிறேன். மன்கட் ஆடிய காலம் முடியும்வரை இந்தியா வென்ற டெஸ்டுகள் மொத்தம் ஐந்து. மதராஸ் 1952: மன்கட் 12 விக்கெட். டில்லி 1952, பாகிஸ்தானுக்கு எதிராக: முதல் இன்னிங்ஸில் 52 ரன்னுக்கு 8, ஆட்டத்தில் 13 விக்கெட். பம்பாய் 1952, அதே பாகிஸ்தான்: 8 விக்கெட். பம்பாய் 1955, நியூஸிலாந்து: 223 ரன். மதராஸ் 1956: 231 ரன். டில்லிக்கும் பம்பாய்க்கும் நடுவில் லக்னோவில் நடந்த டெஸ்டில் மன்கட் ஆடவில்லை. இந்தியா இன்னிங்ஸில் தோற்றது. அவர் விலகிய பிறகு அடுத்த வெற்றி 1959 டிசம்பரில், கான்பூரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வந்தது.

கபில்தேவுக்கு முன்னால் இந்தியாவில் ஆல்ரவுண்டரே இல்லை என்று டீக்கடையிலோ தொலைக்காட்சியிலோ யாராவது அடித்துச் சொன்னால் சராசரியைப் பற்றி அவரோடு சண்டை போடாதீர்கள். இந்த ஐந்து ஸ்கோர் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, மன்கட்டின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு இவற்றில் எதை இந்தியா வென்றிருக்கும் என்று மட்டும் கேளுங்கள்.